வண்டி சந்தேகம்: பிக்கப்பில் எவ்வளவு ஏற்றலாம்?

கேள்வி: அண்ணா, பல்லடம் பக்கம் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. போன மாதம் ஒரு எச்.டி. பிக்கப்பை செகண்ட்ஹேண்டில் எடுத்தோம். 1.7 டன் வண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆர்.சி.யில் வெறும் வண்டி எடை 1,780 கிலோ, மொத்த எடை 3,490 கிலோ என்று இருக்கிறது. வாங்கின பிறகு பைப்பில் கூண்டு அடித்திருக்கிறோம். டிரைவர் 50 மூட்டை சிமென்ட் ஏற்றிக்கொண்டு சர்வசாதாரணமாகப் போய்வருகிறார், வண்டியும் இழுக்கிறது. உண்மையில் இதில் எவ்வளவு ஏற்றலாம்?

பதில்: தம்பி, முதலில் அந்த "வண்டி இழுக்கிறது" என்பதை மறந்துவிடுங்கள். இழுப்பது இன்ஜின். தாங்குவது பட்டை (அடுக்கு ஸ்பிரிங்), அச்சு, சக்கரத்தின் ஹப் பேரிங், டயர். நிறுத்துவது பிரேக். இன்றைய டீசல் இன்ஜினுக்கு மூன்று டன் ஏற்றினாலும் சமதரையில் இழுத்துவிடும், அதை வைத்து மற்றதெல்லாம் தாங்கும் என்று நினைப்பதில்தான் எல்லா வினையும் ஆரம்பிக்கிறது.

உங்கள் வண்டிக்கான கணக்கு உங்கள் ஆர்.சி.யிலேயே இருக்கிறது. மொத்த எடை 3,490 என்றால் வண்டி, பாடி, கூண்டு, டீசல், டிரைவர், லோடுமேன், சரக்கு எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. 3,490-இல் 1,780 கழித்தால் 1,710. விற்றவர் சொன்ன 1.7 டன் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த 1,710-உம் முழுக்க சரக்குக்கு இல்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி வெறும் வண்டி எடை என்பதில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர மாட்டார்கள். அவர்கள் ஏறி உட்கார்ந்த உடனே உங்கள் 1,710-இல் இருந்து கழிய ஆரம்பிக்கும். அப்புறம் நீங்கள் அடித்த கூண்டு. அதற்கு எவ்வளவு இரும்பு போனது என்று வெல்டரிடம் கேட்டால் ஒரு குத்துமதிப்பு சொல்வார், அது வேண்டாம்.

ஒரு வேலை செய்யுங்கள். டீசல் டேங்க்கை நிரப்பி, ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு என்று தினமும் வண்டியில் கிடக்கும் எல்லாவற்றோடும் பக்கத்து எடைமேடையில் ஏற்றி, டிரைவரை இறங்கச் சொல்லி ஒரு சீட்டு வாங்குங்கள். உதாரணத்துக்கு அதில் 1,930 என்று வருகிறது என்று வையுங்கள். டிரைவரும் லோடுமேனும் சேர்ந்து 140 கிலோ. 3,490-இல் இந்த இரண்டையும் கழித்தால் மிச்சம் 1,420. 50 கிலோ மூட்டையில் 28. நீங்கள் ஏற்றுவது 50! அதாவது 2,500 கிலோ. ஒரு டன்னுக்கு மேல் அதிகம், தம்பி.

மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 2019-இல் திருத்திய சட்டத்தின் 194-ஆவது பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதோடு அதிகமாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகப்படி சரக்கை இறக்காமல் வண்டியை நகர்த்தவும் விட மாட்டார்கள், இறக்கும் கூலியும் உங்கள் தலையில். எடை போடச் சொல்லும்போது நிறுத்தாமல் போனால் 40,000. ஆனால் அபராதத்துக்குப் பயந்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள், காரணம் வேறு.

பல வருடத்துக்கு முன்னால் தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையில் இறங்கினேன். ஒன்றரை டன் வண்டி, ஏற்றியிருந்தது இரண்டே கால் டன். 27 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியிலேயே பிரேக் சூடாகி லைனிங் கருகும் வாடை வந்துவிட்டது, பெடலை மிதித்தால் தரைவரைக்கும் போகிறது. இரண்டாவது கியரில் இருந்ததாலும், மலைப்பக்க ஓடையில் வண்டியை இறக்க இடம் கிடைத்ததாலும்தான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இறக்கத்தில் பிரேக் தாங்க வேண்டிய சூடு எடைக்கு நேர் விகிதத்தில் ஏறும். 50 மூட்டையோடு உங்கள் வண்டி மொத்தம் 4,570 கிலோ. எந்த எடைக்கு அந்த பிரேக்கைச் செய்தார்களோ அதைவிட 30 சதவீதத்துக்கு மேல் அதிகம். பல்லடத்தில் மலை இல்லை என்று சொல்லாதீர்கள், முன்னால் போகும் பஸ் திடீரென்று நிற்கும்போதும் இதே கணக்குதான்.

கேள்வி: எம்-சாண்ட், கம்பி எல்லாம் கிலோவில் வருவதில்லையே? ஒவ்வொரு நடைக்கும் எடைமேடைக்குப் போக முடியுமா? (அதே வாசகர்)

பதில்: போக வேண்டியதில்லை, சில எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

கம்பிக்கு சைட் மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு: மில்லிமீட்டரை மில்லிமீட்டரால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 எம்.எம். என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ. 40 அடிக் கம்பி கிட்டத்தட்ட பத்தே முக்கால் கிலோ. 16 எம்.எம். என்றால் அதே நீளம் 19 கிலோ, ஐம்பது கம்பி போட்டால் 950 கிலோ. கிரானைட் 20 எம்.எம். பலகை சதுர அடிக்கு 5 கிலோ. தண்ணீர் ஆயிரம் லிட்டர் ஒரு டன், டேங்க் எடை தனி.

ஏமாற்றுவது எம்-சாண்ட்தான். காய்ந்த மணல் கன அடிக்கு 45 கிலோ போல வரும், ஈரமாக இருந்தால் 50 தாண்டும். ஒரு யூனிட் 100 கன அடி, ஆக நாலரை டன். அரை யூனிட் கேட்கும் கஸ்டமருக்கு ஒரே நடையில் அனுப்புகிறீர்கள் அல்லவா, அது இரண்டே கால் டன். உங்கள் வண்டியின் தொட்டி ஒன்பது அடி நீளம், ஐந்தரை அடி அகலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு அடி உயரத்துக்கே அரை யூனிட் வந்துவிடும். 1,420 கிலோவுக்கு எட்டு அங்குலம்கூட நிரப்ப முடியாது, மழைக்காலத்தில் ஏழுகூட முடியாது. பார்த்தால் வண்டி காலியாகப் போவது போல இருக்கும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் இன்னும் கொஞ்சம் போடு என்கிறார்கள். தொட்டியின் உள்பக்கம் ஆறரை அங்குலத்தில் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், லோடு ஏற்றுகிறவருக்கு வேறு எதுவும் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: பின்னால் கூடுதலாக ஒரு பட்டை போட்டு, பெரிய டயரும் மாட்டினால் இன்னும் அரை டன் ஏற்றலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். சரியா? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: இல்லை. பட்டை போட்டால் வண்டி பின்னால் தொங்காது, அவ்வளவுதான். அச்சும் சேஸிஸும் பிரேக்கும் பழையதுதான், ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையும் மாறாது. தொங்குவது என்பது வண்டி உங்களிடம் வாய்விட்டுச் சொல்வது. அந்த வாயை அடைத்துவிட்டால் அப்புறம் சொல்வதற்கு ஆள் இல்லை.

டயரில் ஒரு விஷயம் பார்க்கலாம். பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு 106/104 மாதிரி ஒரு எண் இருக்கும். அது சுமைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900, 106 என்றால் 950. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது ஒற்றை டயராக ஓடும்போது, பின்னால் இருப்பது ஜோடியாக ஓடும்போது. பின்னால் இரண்டே டயர் என்றால் 950-ஐ இரண்டால் பெருக்கி 1,900. பின்னச்சில் வரும் எடை இதற்குள் இருக்க வேண்டும், அதுவும் சொன்ன அளவு காற்று இருந்தால்தான். அந்த எடையைக் கண்டுபிடிப்பது சுலபம். லோடோடு எடைமேடையில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு தடவை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின்னச்சு.

கேள்வி: கம்பி ஏற்றினால் ஸ்டியரிங் லேசாகிவிடுகிறது, மொத்த எடை சரியாகத்தான் இருக்கிறது. ஏன்? (வாசகர், கரூர்)

பதில்: எடை பின்னச்சுக்குப் பின்னால் போய்விட்டது. ஏற்றம் இறக்கம் விளையாடும் பலகை மாதிரிதான், பின்னச்சுதான் நடுக்கட்டை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பத்து அடி தூரம் என்றால், 600 கிலோ கம்பியின் நடுப்பாரம் பின்னச்சுக்கு இரண்டு அடி பின்னால் இருந்தால் முன் சக்கரத்திலிருந்து 120 கிலோவைத் தூக்கிவிடும். பின்னச்சில் 600-க்குப் பதில் 720 உட்காரும். லேசான முன் சக்கரம் வளைவில் திரும்பாது, பிரேக் போட்டாலும் பிடிக்காது. கம்பியை மடித்து, கேபினுக்கு மேலே தாங்கி வைத்து முன்னால் தள்ளி ஏற்றுங்கள், சிமென்ட் மாதிரி கனமானது கூட இருந்தால் அதைக் கேபினை ஒட்டி அடுக்குங்கள். பின்னால் நீட்டிக்கொண்டு போவதற்கும் தனியாக 20,000 ரூபாய் அபராதம் இருக்கிறது.

கேள்வி: 3,490 கிலோ வண்டிக்கு கார் லைசென்ஸ் போதுமா? பர்மிட்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: லைசென்ஸ் போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகனம், அதாவது கார்) லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. பர்மிட் வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குத்தான் அது தேவையில்லை.