'சரக்கு' என்றால் என்ன? யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது

ஒரே சொல்லுக்கு ஆளுக்கு ஆள் வேறு கொச்சைப் பொருள் எப்படி வருகிறது, கேட்கும்போது எப்படிப் பிரித்தறிவது என்பது கேள்வி. 'சரக்கு' ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டால் மற்றவையும் பிடிபடும்.

சரக்கு என்றால் விற்க வைத்திருக்கும் பொருள். எந்தப் பொருள் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. அதனால் அவரவர் கையில் புழங்குவதை அவரவர் சரக்கு என்கிறார்கள். ஜவுளிக்கடையில் துணி, லாரி ஷெட்டில் லோடு. ஓட்டல்காரர் 'சரக்கு மாஸ்டர் தேவை' என்று விளம்பரம் கொடுத்தால் சமையல்காரரைத் தேடுகிறார். நாட்டு மருந்துக் கடையில் அது சுக்கு, கடுக்காய், திப்பிலி. 'சரக்கைச் சுத்தி பண்ணியாச்சா?' என்று சித்த வைத்தியர் கேட்டால், சுக்கின் தோலைச் சீவி, கடுக்காயின் கொட்டையை எடுத்தாயிற்றா என்று அர்த்தம். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பது அந்தத் தொழிலின் பால பாடம்.

மதுவுக்கு இந்தச் சொல் வசதியாகப் பொருந்தியதற்கும் அதே வெறுமைதான் காரணம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் பொருளுக்கு ஜனங்கள் பொத்தாம் பொதுவான சொல்லைத்தான் எடுப்பார்கள். 'தண்ணி'யும் அப்படி வந்ததே.

இத்தனை பொருள் இருந்தும் பேசுகிறவர்கள் தடுமாறுவதில்லை. பொருளைக் காட்டிக்கொடுப்பது பின்னால் வரும் வினையும் வேற்றுமை உருபும்தான். சரக்கு இறக்கினால் லோடு, எடுத்தால் கொள்முதல், அடித்தால் மது. 'அவர்கிட்ட சரக்கு இருக்கு' என்றால் விஷயம் தெரிந்தவர். 'அவர் சரக்குல இருக்கார்' என்றால் போதையில் இருக்கிறார். ஒரு பேச்சாளரைப் பற்றி 'சரக்கு தீர்ந்துபோச்சு' என்றால் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்று பொருள். மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: அகராதியில் பெயர்ச்சொல்லுக்கு மட்டும் பொருள் பார்க்கிறார்கள். வினையோடு சேர்த்து ஒரே சொல்லாக மனதில் வையுங்கள். 'ஏத்து' மட்டும் ஏமாற்றும். லாரிக்காரர் 'சரக்கு ஏத்தியாச்சு' என்றால் வண்டி புறப்படத் தயார். சாயங்காலம் நண்பர் சொன்னால் அவர் வண்டியே எடுக்கக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இளைஞர்களிடம் 'சரக்கு' என்று தனியாகச் சொன்னால் இன்று மது நினைவுதான் முதலில் வரும். பழைய பொருள் பெரும்பாலும் கூட்டுச்சொற்களில் பத்திரமாக இருக்கிறது: சரக்கு ரயில், சரக்குக் கப்பல், கடைச்சரக்கு. 2017 ஜூலை 1-இல் வந்த வரிக்கு 'சரக்கு மற்றும் சேவை வரி' என்று பெயர் வைத்தபோது யாருக்கும் குழப்பமில்லை. கொச்சைப் பொருள் தனிச்சொல்லை எடுத்துக்கொண்டாலும் கூட்டுச்சொல்லை எளிதில் அசைக்காது.

பெண்களைச் 'சரக்கு' என்று சொல்கிற வழக்கும் உண்டு. மனுஷியை விற்பனைப் பொருளாக்கும் பேச்சு அது. காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள், வாயில் வரவேண்டாம்.

இப்போது 'கட்டிங்' என்ற சொல்லைச் சோதித்துப் பாருங்கள். சலூனில் கட்டிங் பண்ணுவார்கள், அது முடி. தையல் கடையில் கட்டிங் மாஸ்டர் துணி வெட்டுகிறவர். குடிப்பவர்களிடம் கட்டிங் போடுவது என்றால் 180 மில்லி குவார்ட்டரில் பாதி, 90 மில்லி, மீதி கூட்டாளிக்கு. ஒப்பந்தக்காரர் கட்டிங் கொடுத்தால் லஞ்சப் பங்கு. எல்லாவற்றிலும் வெட்டிப் பிரிப்பது பொது, வினைதான் வேறு. வினையே இல்லாமல் 'கட்டிங் எவ்வளவு?' என்று ஒருவர் கேட்டால் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அப்போது கேட்கிறவர் கையில் கத்தரிக்கோல் இருக்கிறதா, கிளாஸ் இருக்கிறதா, பில் இருக்கிறதா என்று பாருங்கள்.