வெள்ளிப் பெயின்ட்டா, வெள்ளைப் பெயின்ட்டா?

கேள்வி: தகரக் கூரைக்குப் பளபளக்கும் அலுமினிய பெயின்ட் அடிக்கச் சொல்கிறார் ஒப்பந்தக்காரர். வெள்ளையே போதும் என்கிறார் தம்பி. ஒப்பந்தக்காரர் துப்பாக்கி போன்ற தெர்மாமீட்டரால் அளந்து, பளபளப்பான தகடுதான் குளிர்ச்சி என்று காட்டினார். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி சொல்வதுதான் சரி. வெள்ளை அடியுங்கள்.

வெயிலைத் திருப்பி அனுப்புவது பாதி வேலைதான். வாங்கிய சூட்டைக் கூரை கதிராக வெளியே விடவும் வேண்டும். நல்ல வெள்ளைப் பெயின்ட் புதிதில் வெயிலில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பிவிடும். கண்ணுக்குத்தான் அது வெள்ளை. கூரைச் சூடு வெளியேறும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் அது கிட்டத்தட்ட கறுப்பு. அதனால் சூட்டை நன்றாக வீசும். பளபளக்கும் உலோகமோ கஞ்சன். வாங்கியது கொஞ்சம் என்றாலும் லேசில் விடாது.

அந்தத் தெர்மாமீட்டர் விஷயத்துக்கு வருவோம். அது வரும் அகச்சிவப்புக் கதிரை மட்டும் பார்த்து, ‘இது 95 சதவீதம் வீசும் பொருள்’ என்று தானாக வைத்துக்கொண்டு ஓர் எண்ணைக் காட்டும். பளபளத் தகடு வீசுவது சொற்பம். மிச்சமெல்லாம் அதில் தெரியும் வானத்தின் பிரதிபலிப்பு. மேகமில்லாத வானமோ அகச்சிவப்பில் ரொம்பக் குளிர்ச்சி. ஆக, அவர் அளந்தது பெரும்பாலும் வானத்தை! வெள்ளை அடித்தது, பளபளப்பானது என இரண்டு தகடுகளின் அடிப்பக்கத்திலும் கறுப்பு எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டுங்கள். கொஞ்ச நேரம் வெயிலில் விட்டு, டேப்பின் மேல் அளக்கச் சொல்லுங்கள். மழுப்பினால் ஆளை மாற்றுங்கள்.

டப்பாவிலும் பிரதிபலிப்பு எண் மட்டும்தான் பெரிதாக இருக்கும். வெயிலைத் திருப்புவது, சூட்டை வீசுவது இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சூரியப் பிரதிபலிப்புக் குறியீடு என்று ஒன்று உண்டு: அளவுகோல் கறுப்புக்கு 0, அளவுகோல் வெள்ளைக்கு 100. அதை முகப்பில் அச்சிட வைக்க அப்படி என்ன கஷ்டமோ, விதி போடுகிறவர்களுக்கே வெளிச்சம்.

பளபளப்பு உதவும் இடம் ஒன்று உண்டு: கூரைக்கு அடியில் கட்டும் அலுமினிய ஃபாயில். அங்கே அந்தக் கஞ்சத்தனமே நமக்கு லாபம். தகரத்தின் சூடு அறைக்குள் கதிராக இறங்காது. ஆனால் ஃபாயில் தகரத்தைத் தொடக்கூடாது, நடுவில் காற்று இடைவெளி வேண்டும். ஒட்டிவிட்டால் சூடு ஃபாயிலுக்கு நேராகவே கடந்து வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு என்றால் அதைக் கீழ்நோக்கி வையுங்கள். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து பயனில்லாமல் போகும். ‘ஒட்டித் தருகிறோம், இடம் மிச்சம்’ என்று வருபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், வெள்ளையும் அழுக்கேறினால் சூடு வாங்கும். வெயில் காலம் தொடங்குமுன் கழுவிவிடுங்கள்.