பர்கண்டியின் கல்லும் கவாத்தும்

அன்புள்ள ஐயா,

நான் பிரான்சின் லியோனில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். அக்டோபர் இறுதியில் மனைவியுடன் பர்கண்டியின் இடைக்காலக் கிராமங்களைப் பார்க்கச் செல்கிறேன். 5 நாளில் 14 ஊர்கள் என்று திட்டம். 800 ஆண்டுகளாக எதுவும் மாறாமல் அவர்கள் ஊர்களைப் பாதுகாத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது, நமக்கு இந்த வரலாற்றுணர்வு இல்லையே என்று வெட்கமாக இருக்கிறது. எதைத் தவறவிடக் கூடாது, எதை விட்டுவிடலாம்? கெதெலோன் இப்போது கட்டப்படும் போலிக் கோட்டை என்பதால் அதை நீக்கிவிட்டேன். நாங்கள் மது அருந்துவதில்லை. ஆகவே திராட்சைத் தோட்டங்களில் இறங்கப்போவதில்லை. சைவ உணவு கிடைக்குமா? அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். கம்பம் பக்கம் 30 வருடம் பன்னீர்த் திராட்சை பயிரிட்டவர். தேவாலயமும் கோட்டையும் அவருக்குச் சலிப்பாக இருக்கும் என்பதால் வீட்டிலேயே விட்டுச் செல்கிறோம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பயண ஆலோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. ஆனால் சிஸ்தர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் துறவிகள் பர்கண்டியின் நிலத்தை எப்படி நிர்வகித்தார்கள் என்பதைத்தான் சில வாரங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில், வாழ்நாளெல்லாம் திராட்சை பயிரிட்ட ஒருவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, உலகிலேயே அதிகம் பேசப்படும் திராட்சை நிலத்துக்குப் போகிறேன் என்று மகன் எழுதினால் எப்படிச் சும்மா இருப்பது?

முதலில் அந்த 800 ஆண்டு. எதுவும் மாறவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? 1146இல் புனித பெர்னார் இரண்டாம் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்த வெஸலேயின் மக்தலேனா தேவாலயம், 1834இல் அரசின் வரலாற்றுச் சின்ன ஆய்வாளர் ப்ராஸ்பெர் மெரிமே வந்து பார்த்தபோது இடிந்து விழும் நிலையில் இருந்தது. 1840இல் அதை நிமிர்த்தும் பொறுப்பு வியோலே-ல-துக் என்ற 26 வயது கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீங்கள் வெளியே நின்று முதலில் படமெடுக்கப்போகும் வாயில்மேல் சிற்பம் 19ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது; 12ஆம் நூற்றாண்டின் சிற்பத்தைக் காண அதைக் கடந்து முன்மண்டபத்துக்குள் செல்ல வேண்டும். க்ளூனி மடத் தேவாலயத்தின் கதை இன்னும் மோசம். ரோமில் புனித பேதுரு பேராலயம் புதிதாக எழும்வரை கிறித்தவ உலகின் மிகப்பெரிய தேவாலயமாக இருந்த அதைப் புரட்சிக்குப் பிறகு 1798இல் விற்றார்கள். வாங்கியவர்கள் கல்லுக்காக உடைத்தார்கள். இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உடைத்தவர்கள் அந்நியர்கள் அல்லர், உங்கள் வெட்கத்துக்குக் காரணமான அதே வரலாற்றுணர்வு மிக்க பிரெஞ்சுக்காரர்கள்தான்.

கிராமங்கள் பழையபடி நிற்பதற்கு முக்கியக் காரணம் வறுமை. 1851இல் பாரிஸிலிருந்து திஜோனுக்கு ரயில் வந்தது. விரைவிலேயே தெற்கின் மலிவான ஒயின் பாரிஸுக்குப் போகத் தொடங்கியது. 1870களின் இறுதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் பர்கண்டிக்குள் நுழைந்து கொடிகளை அழித்தது. வெஸலேயைச் சுற்றியிருந்த தோட்டங்கள் அப்படியே மறைந்தன. அங்கே மீண்டும் கொடி நட்டது 1970களில். இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள், போகாதவர்களில் பலர் முதல் உலகப்போரில் இறந்தார்கள். ஊர்தோறும் நிற்கும் நினைவுத்தூணில் அந்தப் பெயர்களைப் படித்துப் பாருங்கள், சிறிய ஊருக்கு எவ்வளவு நீளமான பட்டியல் என்று தெரியும். பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டக் கையில் காசு இல்லாததால் வீடுகள் நின்றன. 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்று பலகை வைக்கும் சங்கமே 1982இல்தான் தொடங்கியது. வரலாற்றுணர்வு பின்னால் வந்தது, பணத்தோடு வந்தது. ஆகவே நம்மைப் பற்றிய உங்கள் புலம்பலை இந்த ஊர்களை முன்வைத்துப் புலம்பாதீர்கள்.

இன்னொன்று. சரிவுகளில் நேர்வரிசையாக ஓடும் கொடிகளைப் பார்த்து அதையும் இடைக்காலம் என்றே நினைப்பீர்கள். வேர்ப்பேன் வரும்வரை அங்கே வரிசையே கிடையாது. கொடியை மண்ணில் வளைத்துப் பதியன் போட்டுப் பெருக்கியதால் தோட்டம் முழுக்கத் தாறுமாறாக, நெருக்கமாக வளர்ந்து நின்றது. வேர்ப்பேனைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டபோதுதான், குதிரை ஏர் நுழைவதற்காக வரிசை வைத்தார்கள்.

அப்படியானால் உண்மையில் பழையது எது? நீங்கள் இறங்கப்போவதில்லை என்று சொன்ன அந்த நிலம்தான். குளோ த வூஜோவுக்குச் செல்லுங்கள். 1098இல் தொடங்கிய சிதோ மடத்தின் துறவிகள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்து, 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முழுச் சுவர் எழுப்பி வளைத்த ஏறத்தாழ 50 ஹெக்டேர் நிலம் அது. புரட்சியில் மடத்திடமிருந்து பறிக்கப்பட்டது. 1889 வரை பிரிக்கப்படாமல் ஒரே சொத்தாக இருந்து, பிறகு விற்பனையிலும் பாகப்பிரிவினையிலும் உடைந்து, இன்று ஏறத்தாழ 80 பேருக்குச் சொந்தம். ஆனால் எல்லைச்சுவர் அங்கேதான் இருக்கிறது. வழிகாட்டிகள் துறவிகளின் ஞானத்தைப் புகழ்வார்கள். அந்த நிலத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பங்கினர், வேலைக்கென்றே மடத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட எழுத்தறிவற்ற சகோதரர்கள்; தேவாலயத்தில்கூடத் துறவிகளிடமிருந்து பிரித்து உட்காரவைக்கப்பட்டவர்கள். அவர்களைப் பற்றி வழிகாட்டிகள் ஒரு வரி சொன்னால் அதிகம். அங்கே இன்றும் புழங்கும் ஊவ்ரே என்ற நில அளவை ஏறத்தாழ 428 சதுர மீட்டர், நம் கணக்கில் பத்தரை சென்ட்: ஓர் ஆள் ஒரு நாளில் மண்வெட்டியால் கொத்தி முடிக்கும் நிலம். ஒரு மனிதனின் முதுகை அளவுகோலாக வைத்து அளந்த ஊர் அது.

ஒரு ஜனவரியில் நண்பருடன் அந்தச் சுவரோரம் நடந்துகொண்டிருந்தேன். உறைபனியில் ஒரு பெண்மணி தனியாகக் கவாத்து செய்துகொண்டிருந்தார். எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டிச் சக்கரம் பொருத்திய வண்டியில் தீ எரிந்தது. வெட்டிய குச்சிகளை அதில் போட்டுக்கொண்டே வரிசையில் நகர்ந்தார், விரல் மரத்துப்போனால் அந்தத் தீயிலேயே காட்டிக்கொண்டார். ஹெக்டேர் கணக்கில் கூலி, நிலத்தில் ஒரு கொடிகூடத் தன்னுடையதல்ல என்று நண்பர் வழியாகச் சொன்னார். அங்கே ஒரு ஹெக்டேரின் விலை பல மில்லியன் யூரோ. சுவரையும் மாளிகையையும் படமெடுக்க வருகிறவர்கள், வண்டியோடு சற்று நகர முடியுமா என்று தன்னிடம் கேட்பதுண்டு என்றார். அவருக்கு அதில் கோபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதுதான் மேலெழுந்தது. நீங்களும் உங்கள் அப்பாவைப் படத்திலிருந்து நகர்த்தியிருக்கிறீர்கள்.

அவருக்குச் சலிக்கும் என்கிறீர்கள். கம்பத்தில் பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து குலை அறுத்தவர், முழங்கால் உயரத்தில் காய்க்கும் கொடியைக் கண்டால் என்ன கேட்பார் என்று உங்களால் ஊகிக்க முடியுமா? கவாத்துத் தேதியை மாற்றிமாற்றி ஆண்டு முழுக்க அறுவடை காணும் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர், ஆண்டுக்கு ஒரே அறுவடையை நம்பி நிற்கும் ஊரைப் பார்த்து என்ன சொல்வார்? ஒட்டுக்கட்டிய இடத்தைக் குனிந்து பார்க்க அவருக்கு வழிகாட்டி வேண்டாம். நீங்கள் மது அருந்தாதது உங்கள் விருப்பம்; கொடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவரை முன்னால் நடக்க விட்டு, அவர் கேட்பதைப் பிரெஞ்சில் கேட்டுச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டு அங்கே படித்த மொழி அதற்காவது பயன்படட்டும்.

கெதெலோனை நீக்கியது தவறு. 1997 முதல் 13ஆம் நூற்றாண்டு முறைகளில் மட்டும் அந்தக் கோட்டையைக் கட்டிவருகிறார்கள். கல்லைத் தூக்கும் மரச்சக்கரத்துக்குள் மனிதர்கள் நடந்து அதைச் சுழற்றுவதைப் பார்க்கலாம். கல் எப்படி மேலே போனது என்று காட்டாத ஆயிரம் கோட்டைகளைவிட அந்தப் 'போலி' மேல்.

14 ஊர் வேண்டாம். வெஸலே, க்ளூனி, வூஜோ, சிதோ, கெதெலோன் போதும். மரச்சட்ட வீடுகள் பார்த்தே ஆக வேண்டுமென்றால் நுவாயேர். வெஸலேயில் நடுக்கூடத்துத் தூண்தலைப்பு ஒன்றில் ஒருவர் திரிகையில் தானியம் கொட்ட, இன்னொருவர் மாவைப் பிடிப்பார். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ராமகிருஷ்ணரைப் பற்றியும் விவேகானந்தரைப் பற்றியும் எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலான் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1944இல் மறைந்ததும் அந்த ஊரில்தான். சிதோவில் பழைய கட்டடம் அதிகம் மிஞ்சவில்லை. ஆனால் துறவிகள் இருக்கிறார்கள், பாலாடைக்கட்டி செய்து விற்கிறார்கள். அதை உறையவைக்கும் பொருள் விலங்கிலிருந்து எடுத்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் உங்கள் சைவ உணவுக் கேள்விக்கு அதோடு ரொட்டியும் சேர்த்தால் பதிலாகிவிடும். கெதெலோன் குளிர்காலத்தில் மூடிவிடும் என்பதால் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் காலையில் மண் ஈரமாக இருக்கும். அப்பாவுக்குக் கம்பளிச் சட்டையும் கெட்டியான காலணியும் வாங்கிக் கொடுங்கள், செருப்போடு கூட்டிச் செல்லாதீர்கள்.

அன்புடன்.