ஆணுறை போட்டும் குரங்கம்மை தொற்றுமா? ஹட்டன் தம்பிக்கு

வணக்கம் தம்பி. கொழும்பில் உங்களோடு இருந்தவருக்குக் குரங்கம்மை உறுதியாகிவிட்டது, ஆணுறை போட்டிருந்தோம், எனக்கு இன்னும் அறிகுறி இல்லை, தோட்ட லயத்து வீட்டில் அம்மாவும் அக்கா பிள்ளைகளும் என்னோடு ஒரே காம்பராவில் என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் புரிகிறது.

ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. கொப்புளம் தொடை, இடுப்பு, வாய், ஆசனவாய் என எங்கும் இருக்கலாம். தோலோடு தோல் உரசினாலே தொற்றிவிடும். கடைசியாக நெருங்கிய நாளிலிருந்து 21 நாள் கவனியுங்கள். காய்ச்சல், கவட்டில் நெறி கட்டுதல், பிறப்புறுப்பில் ஒரே ஒரு பரு, எதையும் விட்டுவிடாதீர்கள். பலருக்கு உடம்பெல்லாம் போடுவதில்லை, ஒன்றிரண்டு கொப்புளத்தோடு நின்றுவிடும். அப்படி வந்தால் அம்மை என்று வேப்பிலை வைத்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

அறிகுறிக்குச் சில நாள் முன்பே பரவக்கூடும். அதனால் இப்போதே படுக்கை, துவாய், போர்வை தனியாக இருக்கட்டும், பிள்ளைகளோடு ஒட்டிப் படுக்காதீர்கள். உடலுறவும் இரத்ததானமும் வேண்டாம்.

தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனால் கதை பரவும் என்று தயங்கினால் நுவரெலியா அல்லது கண்டி அரச பாலியல் நோய் கிளினிக்குக்குப் போங்கள். இலவசம், விபரம் வெளியே போகாது. யாரோடு இருந்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அங்கே அதற்காக யாரும் உங்களைக் குறைவாகப் பார்க்கக் கூடாது. கொப்புளம் இல்லாமல் குரங்கம்மைக்கு டெஸ்ட் எடுத்துப் பயனில்லை, கொப்புளத்தில் இருந்துதான் மாதிரி எடுப்பார்கள். ஆனால் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளை அங்கேயே கேட்டுச் செய்துகொள்ளலாம்.

கொப்புளம் வந்துவிட்டால் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் மூடும்வரை, பெரும்பாலும் 2 முதல் 4 வாரம், தொற்றும். குணமான பிறகும் 12 வாரத்துக்கு ஆணுறை அவசியம்.