அவயத்தில் (அடைகாக்கும் நிலையில்) இருக்கும் கோழி, வாங்கி வந்த குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்ளுமா? எப்படிச் சேர்ப்பது?

கோத்தகிரிப் பக்கம் வீடு. சிறுவிடைக் கோழி (உடல் சிறுத்த நாட்டுக்கோழி) ஒரு வாரமாக அவயத்தில் உட்கார்ந்திருக்கிறது. சேவல் இல்லாததால் அடியில் இருப்பதெல்லாம் பொரிக்காத முட்டை. மேட்டுப்பாளையத்தில் ஒருநாள் குஞ்சு பத்து சொல்லி வைத்திருக்கிறீர்கள், வரும் ஞாயிறு கைக்கு வந்துவிடும். ராத்திரி அடியில் வைத்துவிட்டால் தன் குஞ்சென்று நினைத்துக்கொள்ளுமா, இல்லை கொத்திக் கொன்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்த்துக்கொள்ளும். ஆனால் இந்த ஞாயிறு வேண்டாம். கடைக்காரரிடம் பேசி, அடுத்த ஈட்டில் தரச் சொல்லுங்கள். குறைந்தது இன்னும் பத்து நாள் அந்தக் கோழி உட்காரட்டும்.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் "ராத்திரியில் வை" என்பதுதான். அது சரியான யோசனை, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் இருட்டு ஒரு துணை மட்டும்தான். கோழியின் உடம்பு குஞ்சுக்குத் தயாராகியிருந்தால் கொஞ்சம் வெளிச்சத்தில் வைத்தாலும் இறக்கையை விரித்து வாங்கிக்கொள்ளும். தயாராகவில்லை என்றால் அமாவாசை இருட்டில் வைத்தாலும் விடிந்ததும் கொத்தும். எங்கள் பக்கம் செத்துப்போகும் குஞ்சுகளில் பெரும்பாலானவை கோழியின் குணத்தால் சாவதில்லை, வளர்க்கிறவர்களின் அவசரத்தால்தான் சாகின்றன.

உடம்பு தயாராவது என்றால் என்ன? அவயத்தில் உட்கார்ந்த கோழிக்குப் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறுகிறது. முட்டை போடுவது நின்றுவிடும். நெஞ்சடி இறகு உதிர்ந்து தோல் வெறுமையாகி, தொட்டால் காய்ச்சல் கண்டவர் நெற்றி போலச் சுடும். முட்டை அந்தத் தோலில் பட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்தச் சுரப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. கோழிமுட்டை பொரிக்க 21 நாள். கடைசி ஓரிரு நாளில் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு கீச்சிடும், தாய் அடித்தொண்டையில் பதில் சொல்லும். குஞ்சு வெளியே வருவதற்கு முன்பே இரண்டுக்கும் பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. வாங்கி வந்த குஞ்சை வைக்கும்போது இந்தப் பகுதி நமக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் மற்றதெல்லாம் இயற்கைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டி, மூன்று வாரத்தை ஒட்டி உட்கார்ந்த கோழிதான் என் கணக்கில் பழுத்த கோழி. ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்ட கோழிகளும் உண்டு. பத்து உயிரை அந்த வாய்ப்பை நம்பி வைக்க எனக்கு மனம் வராது.

கோழி உண்மையாகவே அவயத்தில் இருக்கிறதா என்பதை அம்மாயி ஒரே வரியில் சொல்லித் தருவார்: "கைய உள்ள உட்டுப் பாரு சாமி. உறுமுனா உக்காரட்டும், ஓடுனா உட்டுரு." கையை அடியில் விட்டால் உடம்பை உப்பி, கழுத்து மயிரைச் சிலிர்த்து, கொர்ரென்று உறும வேண்டும், ஆனால் எழுந்து போகக்கூடாது. ராத்திரியில் மற்ற கோழிகளோடு கட்டையில் ஏறாமல் முட்டை மேலேயே இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு தடவை இறங்கி, கால்மணி நேரத்துக்குள் தின்று, குடித்து, பெரிதாக எச்சமிட்டுத் திரும்பிவிட வேண்டும். இந்தப் பத்து நாளும் தினம் ஒருமுறை கையை அடியில் விட்டு எடுங்கள். உங்கள் கை அதற்குப் பழகிப் போவது அந்த ராத்திரியில் பெரிய உதவி. முட்டைகளில் நாற்றம் வருவதை எடுத்துவிட்டு, நாலைந்தில் கரியால் கோடு போட்டு விட்டு வையுங்கள், மற்ற கோழி வந்து புதிதாக இட்டுப் போனால் அடையாளம் தெரியும்.

இதே நாட்களில் இடத்தையும் தயார் செய்யலாம். பரண் மேலோ கூடையிலோ உட்கார்ந்திருந்தால் தரைக்கு இறக்குங்கள், இல்லையென்றால் குஞ்சு விழுந்து மேலே ஏற முடியாமல் குளிரில் விறைத்துவிடும். குஞ்சு வருவதற்கு நாலைந்து நாள் முன்பே, ராத்திரியில், முட்டையோடு சேர்த்து மாற்ற வேண்டும். மலையில் சிமெண்டுத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பலகை போட்டு, அதன் மேல் நெல் உமியோ தச்சுப் பட்டறையில் கிடைக்கும் மரச்சுருளோ நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். அவயக் கோழி மண் குளிக்கப் போகாததால் அதன் மேல் செல்லு என்கிற கோழிப்பூச்சி ஏறும், குஞ்சின் ரத்தத்தைக் குடித்தே கொன்றுவிடும். கோழி இறங்கி வரும் இடத்தில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து கொட்டி வையுங்கள், தானே புரண்டுகொள்ளும்.

கூண்டுக்குக் கம்பிவலை வாங்கும்போது கண் சிறியதாக வாங்குங்கள். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் கீரியும் மரநாயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு வாரக் குஞ்சை ராத்திரியில் தூக்கிப் போவது பெரும்பாலும் எலியும் பெருச்சாளியும்தான். பெரிய கண் வலையில் அவை நுழைந்துவிடும்.

இனி குஞ்சு. ஒருநாள், மிஞ்சினால் இரண்டுநாள் குஞ்சாக இருக்க வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு பொரிகிறது, அதனால் முதல் இரண்டு நாள் தீனி இல்லாமலும் தாங்கும், மலைப்பாதையில் பஸ்ஸில் வருவதையும் தாங்கும். குளிரைத்தான் தாங்காது. மேட்டுப்பாளையத்து வெயிலில் பெட்டிக்குள் நன்றாக இருந்த குஞ்சு, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் இறங்கும்போது நடுங்கிக்கொண்டிருக்கும். பெட்டியை மடியில் வைத்து, காற்றோட்டத்துக்கு ஓட்டை விட்டு, மேலே துணி போர்த்திக் கொண்டுவாருங்கள். வயதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பொரித்த முதல் ஓரிரு நாளில்தான் குஞ்சு யார் பின்னால் போவது என்று கற்றுக்கொள்கிறது. பல்பு வெளிச்சத்தில் ஒரு வாரம் வளர்ந்த குஞ்சுக்குக் கோழியைக் கண்டால் பயம். கோழி கூப்பிடும், அது ஓடும். அதை மாற்ற நம்மால் முடியாது.

வந்ததும் இளஞ்சூட்டு நீரில் துளி வெல்லம் கரைத்து, ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை நனைத்துவிட்டு, வெதுவெதுப்பான இடத்தில் இருட்டும்வரை வைத்திருங்கள்.

ராத்திரி எட்டு, ஒன்பது மணி. மற்ற கோழிகள் அடங்கியிருக்க வேண்டும். செல்போன் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் கையைச் சூடாக்குங்கள், நம் ஊர்க் குளிரில் ஐஸ் கையை நெஞ்சடியில் விட்டால் எந்தக் கோழியும் துள்ளி எழும். குஞ்சும் சூடாக இருக்க வேண்டும். விறைத்த குஞ்சு முட்டி மோதாது, கீச்சிடவும் செய்யாது. அதன் அசைவையும் குரலையும் வைத்துத்தானே கோழி அறியப் போகிறது? உள்ளங்கையில் குஞ்சை மூடிப் பிடித்து, முகத்துப் பக்கம் போகாமல் பின்பக்கமாக இறக்கைக்கு அடியில் நுழையுங்கள். குஞ்சை விட்டுவிட்டு, திரும்பும் கையில் ஒரு முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு குஞ்சு போதும்.

பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். இந்தக் கால்மணி நேரத்தில்தான் எல்லாம் தெரியும். குஞ்சு முதலில் கூர்மையாகக் கத்தும், சூடு கண்டதும் அந்தக் கத்தல் தணிந்து மெல்லிய கிணுகிணுப்பாகும். கோழி உடம்பை ஒருமுறை தூக்கி, அலகால் வயிற்றடியைத் தடவிப் பார்த்து, இறக்கையை இன்னும் அகலமாக்கி உட்காரும். அதுவரை உறுமிக்கொண்டிருந்தது 'கொக்... கொக்...' என்று தாழ்ந்த குரலுக்கு மாறினால், மீதியையும் அதே ராத்திரியில் வைத்து, முட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், அந்தக் குரல் மாறும் இடத்தில் எனக்கு இன்றும் கண் கலங்கிவிடும். சிலர் நாளுக்கு இரண்டாக மூன்று நாள் சேர்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் வந்ததோடு கோழி ஒட்டிக்கொண்டபின், நிறமோ அளவோ வேறாகத் தெரியும் குஞ்சை மட்டும் ஒதுக்கித் துரத்தும் கோழிகள் உண்டு. எல்லாம் ஒரே இரவில் முடிந்துவிட வேண்டும்.

மறுநாள் விடிவதற்கு முன்பே கூண்டருகே இருங்கள். கோழி முதன்முதலில் கண்ணால் பார்க்கும் நேரம் அது. லேசாகக் கொத்துவதைக் கண்டு பதறாதீர்கள். தீனியைக் கொத்திப் போட்டுக் காட்டுவதும், முதுகில் ஒட்டிய உமியைத் தட்டுவதும் தாய் வேலை. தலையைக் குறிவைத்து, கழுத்தைச் சிலிர்த்து, ஓங்கிக் கொத்தினால்தான் ஆபத்து. குஞ்சு அலறி மூலைக்கு ஓடினால் உடனே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அன்றிரவு இன்னொரு முறை வைத்துப் பார்க்கலாம். அப்போதும் அப்படியே செய்தால் அந்தக் கோழியை விட்டுவிடுங்கள், அடுத்த முறை நல்ல தாயாக இருக்கலாம்.

அதனால் மாற்று ஏற்பாடு கையில் இல்லாமல் குஞ்சு வாங்கக் கூடாது. முதல் வாரத்தில் குஞ்சுக்கு 35 டிகிரி அளவில் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே போகலாம். பெட்டியில் மாட்டுவது குண்டு பல்பாக இருக்கட்டும், எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் மரம் சாய்ந்து கம்பி அறுவதும், ராத்திரி முழுக்கக் கரண்டு இல்லாததும் உங்களுக்குத் தெரியும். 2009 நவம்பரில் கோத்தகிரியிலும் குன்னூரிலும் மண் சரிந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அப்படியான இரவுக்கு, வெந்நீர்ப் பாட்டிலைத் துணி சுற்றி நடுவில் வைத்தால் ஓரிரு மணி நேரம் தாங்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கரியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும் கார்பன் மோனாக்சைடு நஞ்சு குஞ்சோடு நிற்காது, வீட்டு மனிதர்களையும் தூக்கத்திலேயே கொன்றுவிடும். மலையில் கோழித்தாய் இருக்கும்போது பல்பை நம்ப வேண்டாம் என்று நான் இவ்வளவு சொல்வதற்கு இதெல்லாம்தான் காரணம். தாயின் சூட்டுக்கு மின்கம்பம் தேவையில்லை, குஞ்சுக்கு வேண்டும்போது அடியில் நுழையும், போதுமென்றால் வெளியே வரும்.

பத்துக் குஞ்சு என்கிறீர்கள். சமவெளியில் ஒரு சிறுவிடை பன்னிரண்டைக்கூட மேய்க்கும். இங்கே எட்டோடு நிறுத்துவேன். பிறந்த அன்று பத்தும் அடங்கும், மூன்றாவது வாரத்தில் அடங்காது. இறகு முழுதாக மூட ஐந்து, ஆறு வாரம் ஆகும், அதுவரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குஞ்சுதான் விடியலில் விறைத்துக் கிடக்கும். மார்கழி, தை மாதங்களில் என்றால் ஆறே போதும். பெருவிடையாக இருந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

தீனியில் ஒன்றே ஒன்று: முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கு எட்டவிடாதீர்கள். அதில் ஓட்டுக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீவனத்தையே தாயும் தின்னட்டும், முட்டை போடாத நாளில் அதற்குக் குறையொன்றும் வராது. கம்பும் அரிசிக் குருணையும் மேலுக்குத் தூவலாம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் முதல் வாரக் குஞ்சு விழுந்து மூழ்கிவிடும்.

நோய் விஷயத்தில் சோம்பல் கூடாது. வாங்கும்போதே மேரெக் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். ஏழாம் நாளில் வெள்ளைக்கழிச்சலுக்கான (கோழிக்கழிச்சல் என்பதும் இதைத்தான்) சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும், கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்து, ஐஸில் வைத்து எடுத்து வாருங்கள். தாய்க்கும் போட்டிருக்க வேண்டும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் முகாமைத் தவறவிடாதீர்கள். ஈர உமியில் ரத்தக்கழிச்சல் வரும், மழைக்காலத்தில் உமியை அடிக்கடி மாற்றுங்கள். கடைக் குஞ்சையும் தாயையும் முதல் இரண்டு வாரம் மற்ற கோழிகளோடு விடாமல் கொடாப்பில் (கவிழ்த்து மூடும் கூடையில்) தனியாக வைப்பது இரு பக்கத்துக்கும் நல்லது.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தாய் மறுபடி முட்டைக்குத் திரும்பும், அன்றிலிருந்து குஞ்சுகளை அதுவே கொத்தி விலக்கும். அது சண்டையில்லை, தடுக்க வேண்டாம். அந்த முதல் சில இரவுகள் மட்டும், இருட்டும்போது குஞ்சுகளைப் பிடித்து, காற்றுப் படாத மூலையில் தாழ்வான கட்டையில் ஒன்றையொன்று ஒட்டி ஏற்றிவிடுங்கள். அப்புறம் தாமாகவே ஏறிக்கொள்ளும்.