பயனீட்டாளர் கேள்வி-பதில்: வேக முள் நின்றால் மீட்டரைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் பழைய ஆட்டோ கியர் மைவி காரில் வேக முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. பெட்ரோல் முள், ஆர்பிஎம் முள் இரண்டும் ஓடுகின்றன. முழு மீட்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார் போமன் (பட்டறை மெக்கானிக்). மாற்றலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இப்போது வேண்டாம். மற்ற முட்கள் ஓடுவதால் மீட்டருக்குக் கரண்ட் போகிறது. முள்ளை ஓட்டும் மோட்டார் செத்திருக்கிறதா, வேகத்தைச் சொல்லும் சிக்னல் வரவில்லையா என்பதுதான் கேள்வி. இதைக் காசில்லாமலே பாதி கண்டுபிடிக்கலாம். டிரிப் மீட்டரை (ஒரு பயணத்தின் தூரத்தைக் காட்டும் எண்) பூஜ்யமாக்கி இரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். தூரம் ஏறினால் சிக்னல் வருகிறது. கோளாறு முள்ளின் குட்டி மோட்டாரிலோ அதன் ஈயப் பற்றிலோதான். மீட்டர் ரிப்பேர் செய்பவர்கள் அதை மட்டும் மாற்றித் தருவார்கள். தூரமும் ஏறவில்லையா? முதலில் வேகத்தை அளந்து சிக்னல் அனுப்பும் சென்சரையும் அதன் வயரையும் சந்தேகப்படுங்கள். கியர் உதறலோடு மாறுவதும் இன்ஜின் விளக்கு எரிவதும் சேர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

அடுத்து ஓபிடி ஸ்கேனர், அதாவது காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி. ‘பி0500’ என்று வந்தால் வேக சிக்னலில் கோளாறு. ஆனால் சென்சர்தான் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. ஓடும் காரில் பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரில் வேகத்தின் நேரடி அளவைப் பார்க்கட்டும். ஸ்கேனரில் 60, மீட்டரில் 0 என்றால் கோளாறு மீட்டர் பக்கம். இரண்டிலும் 0 என்றால் சென்சர் பக்கம் பாருங்கள். சில ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் சிக்னல் மீட்டருக்குள் போய்த்தான் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு வரும். அவற்றில் மீட்டர் கெட்டாலும் ஸ்கேனர் 0 காட்டும். அங்கே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர்தான் தீர்ப்புச் சொல்லும்.

கியர்பாக்ஸ் மேல் உள்ள சென்சரில் பெரும்பாலும் மூன்று வயர்: கரண்ட், எர்த், சிக்னல். சாவியை ஆன் நிலையில் வைத்து (இன்ஜின் வேண்டாம்) முதல் இரண்டுக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் பியூஸையும் வயரையும் தேடுங்கள். வந்தால், ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது சிக்னல் வயரில் வோல்ட் ஏறி இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் சென்சர் போயிருக்கும், அல்லது அதைச் சுற்றும் பிளாஸ்டிக் கியரின் பல் தேய்ந்திருக்கும். கழற்றிப் பார்த்தால் தெரியும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு) விளக்கும் எரிந்தால் கதை வேறு. பல புதிய கார்களில் வேகம் சக்கர சென்சர்களிலிருந்தே வருகிறது.

வாங்குவதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காரில் சென்சர் கனெக்டரின் ஊசிகள் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே சரியாகலாம். அண்மையில் புதிய பாட்டுப் பிளேயர் மாட்டினீர்களா? அதற்காக வேக வயரில் ஒட்டுப் போட்டிருக்கலாம். அதைப் பிரித்துவிட்டுச் சோதியுங்கள்.

சரியான பிறகு மீட்டர் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் குறை சொல்ல வேண்டாம். ஐநா வாகன விதி 39-இன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. உண்மை வேகத்தில் 10 விழுக்காடும் அதோடு மணிக்கு 4 கிலோமீட்டரும் சேர்ந்த அளவு வரை கூட்டிக் காட்டலாம்.

கேள்வி: கஞ்சில் காரில் வேக முள் துடிக்கிறது, கீச்சென்று சத்தமும் வருகிறது.
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அது கேபிள் மீட்டர்; கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிளுக்குள் சுழலும் கம்பிதான் முள்ளை ஓட்டுகிறது. உள்கம்பி காய்ந்திருக்கும், அல்லது கேபிள் எங்கோ கூர்மையாக மடிந்திருக்கும். மீட்டர் பக்கம் கழற்றி, உள்கம்பியை உருவித் துடைத்து, கீழ் முக்கால் பங்குக்கு மட்டும் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். மேல்முனைக்கு வேண்டாம், கிரீஸ் ஏறி மீட்டரைக் கெடுக்கும். கம்பி இழை பிரிந்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள்.

கேள்வி: பட்டறையில் ஹாஃப்கட் மீட்டர் (வேறு பழைய காரிலிருந்து கழற்றியது) போட்டார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது, ஓடிய தூரமும் மாறிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கேட்கலாம். நியாயமான கவனத்தோடும் திறனோடும் வேலை செய்யும் கடமை 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். பழைய மீட்டரைக் கேட்டு வாங்கி வையுங்கள். கழற்றியபோது பழையதிலும் மாட்டியபோது புதியதிலும் இருந்த தூரத்தை, தேதியோடு, ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். காரை விற்கும்போது அந்த ரசீதை வாங்குபவரிடம் காட்டுங்கள். மறைத்தால் நாளைக்கு அவர் உங்கள்மேல் குற்றம் சொல்ல இடமுண்டு.