மீடியம் மாற்றுவதற்கு முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை மகனின் வாசிப்பைப் பார்க்க அவனோடு வெள்ளவத்தையில் என்னிடம் வந்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டீர்கள். “அடுத்த வருஷம் இவனை இங்கிலிஷ் மீடியத்துக்கு மாத்தட்டா, இல்லாட்டி ஓ லெவலோட நிப்பாட்டி ஏசி வேலை பழக விடட்டா?” அடுத்தவர் காத்திருந்த அவசரத்தில் நான் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டுக்குமே என் பதில், இப்போதைக்கு வேண்டாம். காரணத்தை எழுதுகிறேன். வீட்டில் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அன்று மகனிடம் நான் கொடுத்த தாளில் இருந்தவை உண்மையான சொற்கள் இல்லை. “தமுகி”, “சொபலை” என்று நானே கட்டியவை. பழகிய சொல் என்றால் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊகித்துவிடலாம். உங்கள் மகன் அதில் கெட்டிக்காரன், அதனால்தான் தரம் 8 வரை ஒருவர் கண்ணிலும் படாமல் வந்திருக்கிறான். இல்லாத சொல்லை ஊகிக்க முடியாது. எழுத்தைச் சத்தமாக மாற்றியே தீரவேண்டும். 12 சொல்லில் 4தான் சரி வந்தது. “சொபலை”யை “செபாலை” என்றான். கொம்பை (ெ) சரியாகப் பிடித்தவன், அரவை (ா) கொண்டுபோய் அடுத்த எழுத்தில் ஒட்டிவிட்டான்.

அப்புறம் விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நான் வாசித்துக் காட்டி 6 கேள்வி கேட்டேன். ஆறுக்கும் பதில் வந்தது. அதோடு விடாமல் மேலே பார்த்து, “சேர், கப்பாசிட்டர் பழுதானாத்தான் ஃபேன் இப்பிடி மெதுவா சுத்தும்” என்றான். திங்கட்கிழமை மாற்றிப் பார்த்தேன். இப்போது காற்று தாளைப் பறக்கவிடுகிறது.

கேட்டால் விளங்குகிறது, வாசித்தால் விளங்கவில்லை. இந்த இடைவெளி, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் கோளாறின் அடையாளங்களில் ஒன்று. புத்திக் குறைவு என்றால் இரண்டிலுமே தடுமாறியிருப்பான். சோம்பல் என்றால் வியர்த்து விறுவிறுத்து அந்த 12 சொல்லோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வியாதியும் இல்லை. 1896இல் இங்கிலாந்தின் தென்கரையில் பிரிங்கிள் மோர்கன் என்ற டாக்டர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பேர்சி என்ற தன் பெயரையே எழுத்து இடம்மாறிப் பிழையாக எழுதுகிறவன். ஆனால் பாடம் முழுவதையும் வாயால் சொல்லிக் கொடுத்தால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய வாத்தியார். மோர்கன் இதைச் “சொல் குருடு” என்று நினைத்தார். பார்வை சம்பந்தப்பட்டது என்ற அந்த எண்ணம் மாறப் பல பத்து வருஷம் எடுத்தது.

கோளாறு பெரும்பாலும் இருப்பது சத்தத்தில். ஒரு சொல்லுக்குள் இருக்கும் தனித்தனி ஒலிகளை மூளை துல்லியமாகப் பிரித்து எடுப்பதில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது. 1983இல் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு திருப்புமுனை. ஒலியில் பின்தங்கிய 65 சின்னப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைச் சேர்க்கப் பழக்கி, கூடவே பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்த குழுதான் வாசிப்பில் முன்னுக்கு வந்தது. ஒலியும் எழுத்தும் சேர்ந்தே பழக வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆகவே கலர்க் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இலேயே கூட்டறிக்கை விட்டுவிட்டார்கள்.

“தகப்பனும் சின்ன வயசில இப்பிடித்தான்” என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நான் குறித்துக்கொண்டேன். இது குடும்பத்தில் ஓடும். அவர் புத்தகத்தைத் தொடுவதில்லை என்றால் அதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கலாம், குறை சொல்லாதீர்கள்.

இனி மீடியத்துக்கு வருகிறேன். கொழும்புப் பிள்ளைக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழி எழுத்து. பாணந்துறை–புறக்கோட்டை 100ஆம் இலக்க பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் மூன்றையும் அவன் சுமக்க வேண்டும். தமிழில் 247 எழுத்து என்று பயப்படுகிறோம், ஆனால் பெரும்பகுதி ஒழுங்கானது. சில இடங்களில் மட்டும் சதி செய்யும். “கொ” என்பதில் காதுக்கு முதலில் வருவது “க்”, கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. சிங்களத்திலும் அப்படியே, அங்கேயும் அதற்குப் பெயர் கொம்புவதான். கல், பகல், தங்கம் மூன்றிலும் எழுத்து ஒன்று, சத்தம் வேறு வேறு. இதை எல்லாம் ஒருமுறை பழகிவிட்டால் தமிழ் ஏமாற்றாது. ஆங்கிலம் அப்படி இல்லை, ஒரே எழுத்துக் கோர்வையைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வாசிக்க வைக்கும்.

2001இல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாட்டு டிஸ்லெக்சியாக்காரர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். வாசிக்கும்போது மூன்று நாட்டவருக்கும் மூளையில் ஒரே பகுதிதான் மந்தமாக வேலை செய்தது. ஆனால் எழுத்தும் ஒலியும் நேராகப் பொருந்தும் இத்தாலிய மொழிக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாக வாசித்தார்கள். குறை ஒன்றுதான், மொழி அதைக் கூட்டும் அல்லது குறைக்கும். தமிழிலேயே திணறுகிற பிள்ளையை ஆங்கிலத்துக்கு மாற்றுவது, நீந்தத் தெரியாதவனைக் குளத்திலிருந்து தூக்கிக் காலிமுகத்திடல் கடலில் விடுவது மாதிரி. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பாடமாகப் படிக்கட்டும், காதால் பழகட்டும். விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் அதில் வாசிக்க வைக்காதீர்கள்.

ஏசி வேலை விஷயம். அது நல்ல தொழில், அவன் கையும் அதற்கு ஏற்ற கை. ஆனால் “வாசிப்பு வரவில்லை, ஆகவே கைத்தொழில்” என்ற கணக்கு பிழை. வயரிங் வரைபடம், பழுதுக் குறியீடு, பாதுகாப்பு அறிவுறுத்தல் எல்லாம் வாசித்தே ஆகவேண்டும். நானும் முன்னொரு தடவை இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளையை அவசரமாகத் தையல் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னேன். அவள் அளவுத் தாளை வாசிக்க முடியாமல் மூன்றாம் மாதம் நின்றுவிட்டாள். அந்தப் பிழையை இன்னொரு தடவை விட விருப்பமில்லை.

சாதாரண தரத்துக்கு, அதாவது ஓ லெவலுக்கு, இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அதற்குப் பிறகு கதவுகள் கொஞ்சமில்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இலிருந்து இருக்கிறது. சாதாரண தரப் பெறுபேறு எப்படி வந்தாலும் தெரிவுசெய்த பாடசாலைகளில் தரம் 12இல் தொழிற்கல்விப் பிரிவில் சேரலாம். என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை 7 மட்டம் வரை போகிறது. 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். இரத்மலானையில் அதற்கென்றே தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏசி மெக்கானிக்காகத் தொடங்கினாலும் அங்கேயே முடியவேண்டும் என்றில்லை. மட்டம் ஏற ஏற வாசிப்பும் கூடும் என்பதுதான் என் கவலை.

ஆகவே முதலில் வாசிப்பு. கண், காது இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறகு பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் மதிப்பீட்டுக்குக் கேளுங்கள். தனியாரிடம் போனால் காசு கட்ட முன்னம் ஒரு கேள்வி: எந்த மொழியில் சோதிப்பீர்கள்? தமிழில் வாசிக்கும் பிள்ளையை ஆங்கிலத் தாளை வைத்து அளந்தால், அவனுடைய ஆங்கிலம்தான் அளக்கப்படும். அறிக்கை கிடைத்ததும் ஒரு பிரதியை அதிபரிடம் கொடுத்து, பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்குப் பாடசாலை மூலம் விண்ணப்பிப்பதைப் பற்றி இந்த வருஷமே கதையுங்கள். பரீட்சை வருஷத்தில் ஓடித் திரிவதில் பலனில்லை.

மூன்று ரியூஷனில் இரண்டை நிறுத்துங்கள். உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், தெரியும். அவன் இரவு 8 மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டு வருவதில் எந்த எழுத்தும் மண்டையில் ஏறாது. மிஞ்சும் நேரத்தில் வீட்டில் தினமும் 20 நிமிஷம் போதும். தங்கச்சியின் தரம் 3 புத்தகத்தில் ஒரு பந்தியை எடுங்கள். அவளுக்கு வாசித்துக் காட்டுகிறான் என்று பேர் வைத்தால் வெட்கமும் வராது. அதே பந்தியை மூன்று தடவை. திக்கும் சொல்லை நீங்கள் சொல்லிக் கொடுக்காமல், அட்டையில் வெட்டிய எழுத்துகளால் கட்டவிடுங்கள். கொம்பையும் அரவையும் தனி அட்டையாக வெட்டி, “கெ”யைக் “கொ”வாக அவனே மாற்றட்டும். ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிழை விட்டால் ஏசாதீர்கள்.

பாடங்கள் பின்தங்கக் கூடாது. வரலாறு, விஞ்ஞானப் பக்கங்களை நீங்களோ அக்காவோ வாசித்து வாட்ஸ்அப் வொய்ஸில் அனுப்புங்கள், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்கட்டும். “படிக்காமல் ஃபோனோட இருக்கிறான்” என்று பாட்டி சொல்வார். அவருக்கும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டலாம்.

ஆறு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை அவனோடு வாருங்கள். அட்டை எழுத்துகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பக்கத்து அறை ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றுகிறது, ஸ்குரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது.